பாதையில் ஒன்று நின்றது

தில்லைநாதன் யாரிடமாவது மன்னிப்புக் கேட்டதாகக் கொடிகாமத்தில் எவரும் சொல்லவில்லை. அவரிடம் அடி வாங்கியதாகச் சொல்பவர்கள் பலர். சந்தையில் தராசில் விரல் வைத்த வியாபாரி, மறித்தும் நிற்காமல் போன பஸ்ஸின் கொண்டக்டர், வேலிக் கதியாலை வெட்டிய பக்கத்து வளவுக்காரர், மனைவி பத்மாசினி, சொந்தத் தம்பி. "கோபக்காரன், ஆனால் மனம் வெள்ளை" என்று ஊர் அவரைப் பற்றிச் சொல்லும். அந்த "ஆனால்" அடி வாங்காதவர்களுக்கு வசதியான சொல்.

அவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. சந்தையில் லொறிகளிலிருந்து மரக்கறி மூட்டை இறக்குகிறார். இளமையில் அவர் பேர் எடுத்தது மாட்டுவண்டிச் சவாரியில். தென்மராட்சியில் அதை விளையாட்டு என்றுதான் சொல்வார்கள். இரண்டு வண்டிகள், வண்டிக்கு ஒரு சோடி நாம்பன் மாடுகள், நேராக நீண்டு கிடக்கும் தரவை வெளி. ஓட்டுபவர் கையில் துவரந்தடி, தடியின் நுனியில் ஆணி. ஓடி முடிக்கும்போது மாட்டின் பின்தொடைகளில் இரத்தம் வழியும். தில்லைநாதன் ஓட்டும் வண்டியில் கூட ஏறுபவர் பத்மாசினியின் அண்ணன் இராசநாயகம். மச்சான்மார் இருவரும் ஏறினால் எதிர்வண்டிக்காரன் வீட்டுக்குப் போகலாம் என்று சனம் பகிடி விடும்.

சவாரிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. முதலில் ஓடிய வண்டிகள் பாதையை விட்டு விலகும்வரை அடுத்த சோடியை விடக் கூடாது. தொடக்கத்தில் நிற்பவர் வெள்ளைத் துணியை இறக்கினால் மாடுகள் பாயும். ஆனால் புழுதியில் அவருக்கு மறுமுனை தெரியாது. ஆகவே எல்லையில் ஒருவர் வேப்பங்குழையோடு, இலை நிறைந்த கொப்போடு, நிற்பார். பாதை வெறுமையானதும் அவர் குழையை உயர்த்தி ஆட்டுவார். குழை ஆடினால் துணி இறங்கும்.

சமாதான ஒப்பந்தம் இருந்த காலம். சித்திரை மாதச் சவாரி. தில்லைநாதனின் வண்டிதான் முதலில் வந்தது. எல்லையைத் தாண்டிய கையோடு வலப்பக்கத்து நாம்பன் முன்னங்கால் மடிந்து விழுந்தது, நுகம் முறிந்தது. இராசநாயகம் குதித்து இறங்கி மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். தில்லைநாதன் பக்கத்தில் நின்றவனிடம் அகப்பட்டதைப் பறித்து, நுரை தள்ளிய மாட்டின் மூக்குக்கு விசிறிக்கொண்டு, "தண்ணி! தண்ணி கொண்டு வாங்கோடா!" என்று குழறினார்.

அப்போது தரை அதிர்ந்தது. அடுத்த சோடி வந்துகொண்டிருந்தது.

வெறிகொண்டு ஓடும் மாட்டை நிறுத்த எந்த மனிதனாலும் முடியாது. நாலு மாடுகளும் இரண்டு வண்டிகளும் அந்த இடத்தின் மேலால் போயின. தில்லைநாதனை ஒரு மாட்டின் விலா தூக்கி எறிந்தது. இராசநாயகத்தின் நெஞ்சின் மேலால் இரும்புப் பட்டம் போட்ட வண்டிச் சில்லு ஏறியது. அவர் எழும்பி இருக்கப் பார்த்தார். வாயால் இரத்தம் வந்தது. "மச்சான், மாடு தப்பீட்டுதோ?" என்று கேட்டார். மாடு அதற்கு முன்பே செத்திருந்தது. பதில் வருவதற்குள் அவரும் செத்துவிட்டார்.

தில்லைநாதன் தரவையின் முழு நீளத்தையும் நடந்து கடந்தார். ஓடவில்லை. தொடக்கத்தில் துணியோடு நின்றவர் சிமியோன், சந்தையில் தேங்காய் விற்பவர், பழைய சிநேகிதர்.

"தில்லை, பொறு. நான் சொல்லுறதைக் கேள்..."

தில்லைநாதன் கேட்கவில்லை. துணி பிடித்திருந்த வலக்கையை இழுத்து, பக்கத்தில் நின்ற வண்டியின் சில்லுக்குள், ஆரக்கால்களுக்கு இடையில் முழங்கை வரை திணித்தார். மற்றக் கையால் மாட்டுக்கு ஓர் அடி போட்டார். சில்லு அரைச் சுற்றுச் சுற்றியது. அங்கே நின்றவர்கள் அந்தச் சத்தத்தை இன்றைக்கும் விவரிப்பதில்லை.

நீதிமன்றத்தில் அவர் ஒரே வரிதான் பேசினார். "ஓம், நான்தான் முறிச்சனான்." குற்றத்தை ஒப்புக்கொண்டதால் விசாரணை நடக்கவில்லை, சாட்சிகள் வாய் திறக்கவில்லை. ஊர் இதை ஆண்மை என்று புகழ்ந்தது. மூன்று வருடம் மறியல் சிறையில் இருந்துவிட்டு வந்தார். சிமியோனின் கை பிறகு நிமிரவே இல்லை. அவர் இடக்கையால் தேங்காய் உடைக்கப் பழகினார். ஒரே சந்தைக்குள் இருபது வருடமாக இருவரும் பேசாமல் திரிந்தார்கள்.

மறியலிலிருந்து வந்த மகனுக்குத் தாய் நல்லம்மா சோறு போட்டாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"நான் செத்தால் என்ரை கடைக்குட்டிதான் கொள்ளி வைக்க வேணும். தாய்க்கு இளையவன் எண்டதுதான் எங்கடை முறை. ஆனால் நான் முறைக்காகச் சொல்லேல்லை. மனுசன்ரை கையைச் சில்லுக்குள்ளை குடுத்த கை என்னிலை நெருப்பு வைக்கக் கூடாது. விளங்கிச்சுதோ?"

"விளங்கிச்சுது அம்மா."

வாழ்க்கையில் தனக்கு விழுந்த அடிகளில் இதற்கு மட்டும்தான் அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.

நல்லம்மா போன வருடம் ஐப்பசியில் செத்தாள். இளையவன் சிவதர்ஷன் குடும்பத்தோடு சென்னையில் இருந்தான். கடவுச்சீட்டுச் சிக்கல் தீர்ந்து, மூன்றாம் நாள் காலை விமானத்தில் அவனுக்கு இடம் கிடைத்தது. பிரேதம் பழுதாகாமல் மருந்து ஏற்றியவர் அதற்கு மேல் தாங்காது என்று கையை விரித்துவிட்டார். அன்று பின்னேரம் சுடலைக்குப் போக வேண்டும் என்று முடிவானது. தில்லைநாதன் தாயின் தலைமாட்டில் நின்று, "தம்பி வாறான் அம்மா" என்று பிணத்துக்குச் சொன்னதைப் பத்மாசினி கேட்டாள்.

பறை ஒலித்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசி வந்தது.

"அண்ணை, நாங்கள் திரும்பிச் சென்னைக்கே வந்திட்டம்."

"என்னடா சொல்லுறாய்?"

"இறங்கத்தான் வந்தது அண்ணை. செம்மண், வாழைத்தோட்டம் எல்லாம் தெரிஞ்சுது. இந்தா சில்லு நிலத்திலை முட்டப் போகுது எண்டு நான் கதிரையை இறுக்கிப் பிடிக்க, ஒரேயடியா மூக்கை மேலை தூக்கிக்கொண்டு போட்டான். சனம் குழறிச்சுது. பிறகு கடலுக்கு மேலாலை கனநேரம் சுத்தினது. எண்ணெய் காணாது எண்டு திருப்பிக் கொண்டு வந்திட்டாங்கள்."

"ஏன் இறங்கேல்லை?"

"கீழை விடேல்லையாம். பிளேனுக்கு வழி சொல்லுற கோபுரத்திலை இருக்கிறவன் மறிச்சுப்போட்டானாம்."

பக்கத்தில் நின்ற உறவினர் முத்துக்குமாரு, கேட்காமலே விளக்கம் சொன்னார். "ஆரோ பெரியவன்ரை பிளேன் வெளிக்கிட இருந்திருக்கும். றோட்டிலை செய்யிறதைத்தானே மேலையும் செய்வாங்கள். பெரியவைக்கு வழி விட்டுட்டு எங்கடை சனத்தைத் திருப்பி விடுறது."

பெரியவர்களின் வாகனங்களுக்காக ஏ9 வீதியில் வெயிலில் மறித்து வைக்கப்பட்ட அனுபவம் அங்கே நின்ற எல்லோருக்கும் இருந்தது. ஆகவே எவரும் அதைச் சந்தேகிக்கவில்லை. நமக்குப் பழக்கமான அநியாயத்தை நம்புவதற்கு ஆதாரம் தேவைப்படுவதில்லை.

சிறிது நேரத்தில் டிலக்ஷன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். பத்மாசினியின் தமக்கை மகன். விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை, அன்று காலையும் அங்கேதான் நின்றவன்.

"சித்தப்பா, அது நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. கீழை ஒரு..."

தில்லைநாதனின் கை அவன் வாயில் விழுந்தது. பல் உதட்டைக் கிழித்து வெள்ளைச் சேட்டில் இரத்தம் ஒழுகியது. பறையடிப்பவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கோபுரத்திலை இருந்தது ஆர்?"

"சித்தப்பா..."

"ஆர்?"

இரண்டாவது அடிக்கு முன்பே டிலக்ஷன் சொல்லிவிட்டான். "இணுவில் பிரணவன் அண்ணை."

அன்று பின்னேரம் தில்லைநாதன் தாய்க்குக் கொள்ளி வைத்தார். வேறு வழியில்லை என்று ஐயர் சொன்னார். மூத்தவனும் வைக்கலாம், குறையில்லை என்றார். கொள்ளியைப் பின்பக்கமாக நீட்டினார். ஈர விறகு, மூன்று தரம் வைக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது பத்மாசினி வாசலில் இருந்தாள். "மாமி சொன்னது நடக்கேல்லை. இனி ஆரை முறிக்கப் போறியள்?" என்றாள். அவர் மாட்டுக் கொட்டிலுக்குள் போய், கூரைச் செத்தையில் செருகியிருந்த பழைய துவரந்தடியை எடுத்தார். ஆணி துருப்பிடித்திருந்தது.

மறுநாள் காலை இணுவில் கந்தசுவாமி கோயிலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில், பிரணவன் வேலைக்குப் போக மோட்டார் சைக்கிளைப் படலைக்கு வெளியே எடுத்தான். முப்பத்தொரு வயது, மெலிந்த உடம்பு. மனைவி நிவேதனா சாப்பாட்டுப் பார்சலையும் ஹெல்மெற்றையும் கொண்டு பின்னால் வந்தாள்.

"நீதானே பிரணவன்?"

"ஓம், ஐயா ஆர்?"

தில்லைநாதன் மோட்டார் சைக்கிளை உதைத்து விழுத்தினார். முதல் அடி தோளில் இறங்கியது, காறை எலும்பு முறிந்தது. இரண்டாவது அடியில் ஆணி கன்னத்தைக் காதுவரை கிழித்தது. பிரணவன் மண்ணில் விழுந்து, வலக்கையை ஊன்றி எழும்பப் பார்த்தான். தில்லைநாதன் அந்த மணிக்கட்டின் மேல் செருப்புக் காலை வைத்து அழுத்தினார். நிவேதனா கத்திக்கொண்டு ஹெல்மெற்றால் அவருடைய தலையிலும் முதுகிலும் அடித்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தடியை இரண்டு கையாலும் உயர்த்தினார்.

"ஆரின்ரை பிளேனுக்கடா வழி விட்டனி? சொல்லு! எந்தப் பெரியவனுக்காக என்ரை தம்பியைத் திருப்பி விட்டனி?"

"பெரியவனோ?" பிரணவனுக்கு வாய்க்குள் இரத்தம். "ஐயா, பாதையிலை ஒண்டு நிண்டது. வெளிக்கிட்டு ஓடின பிளேன். ரயர் வெடிச்சுப் பாதியிலை நிண்டிட்டுது. அதுக்குள்ளை சனம் இருந்தது. சென்னைப் பிளேன் தலைக்கு மேலை வந்திட்டுது. நான் விட்டிருந்தா, நிண்டதுக்கு மேலை ஏறியிருக்கும்."

உயர்த்திய தடி அப்படியே நின்றது.

"என்ரை தம்பி அதுக்குள்ளை இருந்தவன்," என்றார் தில்லைநாதன். பிரணவனுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வதுபோல் சொன்னார்.

"அப்ப அவரும்தான் செத்திருப்பார்."

தில்லைநாதன் காலை எடுத்தார். தடியைக் கீழே போட்டார். ஒழுங்கை முடக்கில் இருந்த மதகில் போய் உட்கார்ந்தார். பிரணவனின் உறவுக்காரர்கள் ஓடி வந்து அவரை இழுத்துப் போட்டு, செருப்பாலும் வேலித் தடியாலும் பொலிஸ் வரும்வரை அடித்தார்கள். இரண்டு விலா எலும்புகள் போயின. அவர் கையை உயர்த்தவில்லை. இதை மனமாற்றம் என்று சொல்வது அவசரம். முறித்தே தீருவது என்று வந்த கை, மணிக்கட்டை முறிக்காமல் நின்றது. அன்று நடந்தது அவ்வளவுதான்.

சிவதர்ஷன் அடுத்த விமானத்தில் வந்து, சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்தான். தமையன் அப்போது பொலிஸ் காவலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடலிலிருந்து ஈர வேட்டியோடு நேரே கட்டிலடிக்கு வந்த தம்பி, "அண்ணை, நீங்கள் அடிச்ச பெடியனாலைதான் நான் இண்டைக்குத் தண்ணிக்குள்ளை இறங்கினனான்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

பிணையில் வந்த பிறகு, தில்லைநாதன் சந்தைக்குப் போனார். மூட்டை தூக்க முடியாது, சும்மாதான் போனார். சிமியோனின் தேங்காய்க் குவியலைக் கடக்கும்போது ஒரு குரல் கேட்டது.

"எந்தக் கை?"

இருபது வருடத்துக்குப் பிறகு சிமியோன் அவரோடு பேசிய முதல் வார்த்தை அது.

"கை இல்லை. காறை எலும்பு. கையை மிதிச்சனான், முறிக்கேல்லை."

"ஏன், வயது போட்டுதோ?"

"அவன் கதைச்சவன். கேட்டிட்டன்."

சிமியோன் இடக்கையால் கத்தியை ஓங்கி ஒரு தேங்காயைப் பிளந்தார். வளைந்த வலக்கை மடியில் கிடந்தது. "நானும் அண்டைக்குக் கதைக்க வெளிக்கிட்டனான்."

"தெரியும்."

"தெரியாது. கோர்ட்டிலை சொல்லுவம் எண்டு காத்திருந்தனான். நீ பெரிய ஆம்பிளை மாதிரி ஓமெண்டு சொல்லிப்போட்டு மறியலுக்குப் போட்டாய். என்ரை வாயையும் சேர்த்துப் பூட்டிப்போட்டாய்."

"இப்ப சொல்லு."

"குழை ஆடிச்சுது தில்லை. அதாலைதான் துணியை இறக்கினனான்."

"எல்லையிலை நிண்டவன் ஆட்டேல்லையே. அவன்ரை கையிலை குழை இருக்கேல்லை. அதை நான்..."

தில்லைநாதன் நிறுத்தினார். மாட்டின் மூக்குக்கு விசிற அவர் பறித்தது எது என்பது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. வேப்பிலையின் கசப்பு மணம்கூட வந்திருக்கலாம்.

"புழுதிக்குள்ளை ஆள் தெரியேல்லை," என்றார் சிமியோன். "குழை மட்டும் மேலையும் கீழையும் ஆடினது தெரிஞ்சுது. பிறகுதான் சனம் சொல்லிச்சுது, விசிறினது ஆரெண்டு. எண்டாலும் ஒண்டு சொல்லுறன். பாதையை நான் கண்ணாலை காணேல்லை. சனம் விடு விடு எண்டு கத்திச்சுது, நானும் இறக்கிப்போட்டன். அதுவும் உண்மை."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"மற்றக் கையும் எனக்கு வேணுமே."

அன்று தில்லைநாதன் வீட்டுக்குப் போய், இராசநாயகம் எப்படிச் செத்தார் என்பதைப் பத்மாசினிக்கு முழுமையாகச் சொன்னார். அவள் சோற்றுப் பானைக்குள் இருந்த அகப்பையை எடுத்து அவரை அடித்தாள். முகத்தில், கையில், முறிந்த விலாவில். அகப்பைக் காம்பு முறிந்த பிறகு கையால் அடித்தாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவள் கை ஓங்கியது அன்றைக்குத்தான். அவர் தடுக்கவில்லை. பிறகு அவள் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

வழக்கு வந்தது. சட்டத்தரணி தக்சாயினி வயது குறைந்தவர், கெட்டிக்காரி. "ஐயா, ஓமெண்டு ஒப்புக்கொண்டால் கெதியிலை முடியும், தண்டனையும் குறையும்," என்றார்.

"வேண்டாம் பிள்ளை. அவன் ஏறிச் சொல்லட்டும். முழுக்கச் சொல்லட்டும்."

"அடிபட்டவரைக் கூண்டிலை ஏத்திக் குறுக்குக் கேள்வி கேட்கப் போறியளோ? நீதவானுக்குக் கோபம்தான் வரும்."

"கன கேள்வி இல்லை. ஒண்டு. போனமுறை நான் ஒருத்தரையும் கதைக்க விடேல்லை."

இதில் மெச்ச அதிகம் இல்லை. அடித்தவன் தனக்கு விளங்க வேண்டும் என்பதற்காக, அடிபட்டவனை மறுபடி நீதிமன்றப் படி ஏற வைக்கிறான். கேட்கத் தொடங்கியதிலும் அவருடைய பழைய முரட்டுத்தனம் இருந்தது.

பிரணவன் வந்தான். கை தூளியில் தொங்கியது. கன்னத்துத் தழும்பு பேசும்போது ஒரு பக்கம் இழுத்தது. தில்லைநாதனைப் பார்க்காமல் நீதவானைப் பார்த்துச் சொன்னான்.

"ஒண்டு இறங்க வரும்போது ஒண்டு வெளிக்கிட வேணுமெண்டால் நடுவிலை இடைவெளி வைப்பம் ஐயா. வெளிக்கிடுறது ஓடி எழும்பிப் பாதையை விட்டுப் போன பிறகுதான் மற்றது நிலத்தைத் தொடலாம். அண்டைக்கும் விதிப்படி வேண்டிய இடைவெளி இருந்தது. ஆனால் ஓடுறது ஓடும் எண்டு நம்பித்தான் அந்தக் கணக்கு. அது நிண்டிட்டுது. சில்லடியிலை புகை வந்தது. வாறது கரையைத் தாண்டிட்டுது. இறங்காதை, மேலை போ எண்டு சொன்னனான். நிண்டதைப் பாதையாலை இழுத்தெடுக்கக் கனநேரம் போச்சுது. அதுக்கிடையிலை சென்னைப் பிளேன் திரும்பிட்டுது."

"யோசிக்க நேரம் இருந்ததா?" என்று நீதவான் கேட்டார்.

"யோசிக்கேல்லை ஐயா. யோசிச்சிருந்தா பிந்தியிருக்கும்."

தக்சாயினி எழுந்து, குற்றம் சாட்டப்பட்ட எதிரி தானே ஒரு கேள்வி கேட்க அனுமதி கோருகிறார் என்றார். நீதவான் முகம் சுளித்து அனுமதித்தார். தில்லைநாதன் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாதையிலை ஒண்டு நிண்டதை நீர் கண்ணாலை கண்டனீரோ? இல்லாட்டி ஆரும் சொன்னவையோ?"

பிரணவன் அப்போதுதான் அவரைப் பார்த்தான். "கண்ணாலை கண்டனான். காணாட்டிலும் மேலைதான் அனுப்பியிருப்பன். பாதை வெறுமை எண்டு தெரிஞ்சால்தான் இறங்க விடலாம். தெரியாட்டி, வெறுமை இல்லை எண்டுதான் எடுக்க வேணும்."

தில்லைநாதன் திரும்பிப் பார்த்தார். பின்வரிசை வாங்கில் சிமியோன் இருந்தார். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேறை கேள்வி இல்லை," என்றார் தில்லைநாதன். "நான்தான் அடிச்சனான்."

"சாட்சியிடம் மன்னிப்புக் கேட்கிறீரா?" என்று நீதவான் கேட்டார்.

தில்லைநாதன் கம்பியிலிருந்து கையை எடுத்தார். "கேட்டால் அவர் ஓமெண்டோ இல்லையெண்டோ சொல்ல வேண்டி வரும் ஐயா. இதுக்கு மேலையும் அவரை நெருக்க எனக்கு விருப்பமில்லை."

நீதவான் அதைத் திமிர் என்று எடுத்தாரா, வேறு எப்படி எடுத்தார் என்பது தெரியாது. தண்டனையைக் குறைக்கவில்லை. நிவேதனா தன் புருசனின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

சிறைக்காவலர்கள் தில்லைநாதனைக் கைவிலங்கோடு வாகனத்துக்குக் கொண்டு வந்தபோது, சிமியோன் வாசல் மரத்தடியில் நின்றார்.

"எவ்வளவு?" என்றார்.

"ரெண்டு வருசம்."

"குறைவு."

"ஓம்," என்றார் தில்லைநாதன்.